இலவசமாக வரும் இரண்டாவது அட்டை

சென்ற மாதம் காங்கேசன்துறைக்குப் போயிருந்தேன். 1990 ஜூனில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறிய என் தமக்கையின் குடும்பம், கால் நூற்றாண்டுக்கும் மேலாக மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் அங்கே ஒரு சிறிய கல்வீடு கட்டிக் குடியேறியிருக்கிறது. பின்னறையின் யன்னலைத் திறந்தால் கடற்காற்று உப்போடு வந்து முகத்தில் ஒட்டும். அந்த அறை என் மருமகனுடையது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனவன், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்:

“மாமா, நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ. ஒண்டோட நிக்கவோ, ரெண்டாக்கவோ?”

மாடு வாங்கும் கதையாக்கும் என்று நினைத்தேன். அவன் காட்டியது மேசைக்குக் கீழே பக்கக் கதவு திறந்தபடி கிடந்த கணினியை. அதற்குள் இருந்த வரைகலை அட்டையைத்தான், கடைக்காரர்கள் கிராபிக்ஸ் கார்ட் என்று சொல்வதைத்தான், ஒன்றாக வைத்திருப்பதா இரண்டாக்குவதா என்று கேட்டிருக்கிறான். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டியவனிடம் கேட்கத்தக்க கேள்வியல்ல இது. ஆனாலும், வீட்டில் படித்தவர் என்று பெயரெடுத்துவிட்டால் தப்ப முடியாது. விசாரித்தேன்; படித்தேன்; தெரிந்த இளைஞர்களுக்குத் தொலைபேசி எடுத்துத் தொல்லை கொடுத்தேன். அப்படிச் சேர்ந்த அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறேன். இது வெறும் விளையாட்டுச் சாமான் பற்றிய கதை அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் விடயத்தைச் சொல்கிறேன். அவனிடம் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1080 என்னும் அட்டை. 2016இல் வெளிவந்தது. எதீரியம் என்னும் மின்நாணயம் 2022 செப்டெம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அந்த நாணயத்தைத் ‘தோண்டி’ப் பிழைத்தவர்கள் தங்கள் அட்டைகளை உலகெங்கும் வந்த விலைக்கு விற்றார்கள். அந்த அலையில் கரையொதுங்கிய பழைய அட்டை ஒன்றைத்தான் இவன் வாங்கியிருக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட தமையனிடமும் அதே வகை அட்டை ஒன்று சும்மா கிடக்கிறது. “அனுப்பிவிடுறன், ரெண்டையும் சேர்த்துப் போடு” என்று சொல்லியிருக்கிறான். அன்பாகச் சொன்னதுதான். அதில் குறை இல்லை.

ஆனால் இரண்டைச் சேர்த்துப் போடுவதற்கு இப்போது இருக்கும் தாய்ப்பலகை போதாது. இரண்டு அட்டைகளுக்கும் போதிய பாதை தரும் பலகை வேண்டும். இரண்டையும் இணைக்கும் பாலத்துண்டு வேண்டும். 600 வாட் மின்வழங்கிக்குப் பதிலாக அதைவிடப் பெரியது வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் இவற்றுக்கெல்லாம் விலை கேட்டு வந்திருக்கிறான். கணக்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவு காசு அவனிடம் இல்லை. தமக்கை தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டாள் என்பதை மறுநாள் காலை கிணற்றடியில் வைத்துத்தான் அறிந்தேன். 1990இல் வீட்டை விட்டு வெளியேறியபோது கழுத்தில் கிடந்த அதே சங்கிலி.

இலவசமாக வரும் அட்டைக்கு ஒரு சங்கிலி விலை!

இந்த இடத்தில் என்னுடைய பழைய அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுந்துபோய்க் கிடந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் செய்தி எழுதினோம். அப்போது நான் வேலை செய்த ஓர் அச்சகத்தில் பழைய மின்பிறப்பாக்கி ஒன்று இருந்தது. அச்சியந்திரத்தை அது இழுக்கச் சிரமப்பட்டது. யாரோ ஒருவர், தன்னிடம் அதேபோல் இன்னொன்று சும்மா கிடக்கிறது என்று கொண்டுவந்து தந்தார். இரண்டு இருந்தால் இரட்டைப் பலம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

இயந்திரம் தெரிந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு மின்பிறப்பாக்கிகளை ஒரே கம்பியில் கட்ட வேண்டுமானால் இரண்டின் மின்னலைகளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அதற்கான கருவி உங்களிடம் இல்லை என்றார். அந்த இரண்டாவது இயந்திரத்துக்காகக் கொட்டில் போட்டோம். சீமெந்தில் மேடை கட்டினோம். கடைசிவரை இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. ஒன்று ஓடியது, மற்றது ஆணியும் பட்டியுமாகக் கழன்று முதலாவதற்கு உதிரிப்பாகமாகப் போய் முடிந்தது. கொட்டிலுக்குப் போட்ட காசில் மண்ணெண்ணெய் வாங்கியிருந்தால் பத்திரிகை இன்னும் சில நாள் கூடுதலாக வெளிவந்திருக்கும்.

வரைகலை அட்டையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஓட்டும் எண்ணம் புதியதல்ல. 1998இல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் வூடு 2 என்னும் அட்டையை வெளியிட்டது. இரண்டு அட்டைகளை ஒரு சிறு நாடாவால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரையும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வித்தை. 2000ஆம் ஆண்டின் கடைசியில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே சுருக்கப் பெயரில் தன்னுடைய முறையைக் கொண்டுவந்தது. மறுவருடம் போட்டி நிறுவனமான ஏ.ரி.ஐ. கிராஸ்ஃபயர் என்ற பெயரில் இறங்கியது. கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டிக்குள் இரண்டு அட்டைகள் மினுங்குவது அப்போது ஒரு பெருமை. வீட்டு முற்றத்தில் சோடி மாடு நிற்பதைப் போன்ற பெருமை.

சோடி மாடு என்று சொன்னது சும்மா அல்ல. நம்மூர் மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்தவர்களுக்கு இந்த விடயம் எளிதில் விளங்கும். ஒரு மாடு பாய, மற்றது பின்னிற்க, வண்டி நேரே போகாது. இரண்டும் ஒத்த வயது, ஒத்த உயரம், ஒத்த நடை. சோடி சேர்ப்பதில்தான் சவாரிக்காரனின் திறமை எல்லாம் இருக்கிறது. எஸ்.எல்.ஐ. முறையிலும் ஒரே வகை அட்டைகள் இரண்டு வேண்டும். வேலை பிரியும் விதம் இதுதான்: திரையில் ஓடும் படம் ஒரு நொடிக்குப் பல சட்டங்களாக வரையப்படுகிறது. முதற் சட்டத்தை ஓர் அட்டை வரையும், அடுத்ததை மற்றது வரையும். இப்படியே மாறி மாறி. கணக்குப்படி வேகம் இரட்டிப்பாக வேண்டும். நடைமுறையில் அப்படி ஆனது குறைவு. சட்டங்கள் ஒரே சீரான இடைவெளியில் வராமல் இரண்டு நெருங்கி வந்து, பிறகு ஒரு சிறு தாமதம் விழும். எண்ணிக்கை கூடியதாகக் கணக்குக் காட்டும்; கண்ணுக்குத் திக்கித் திக்கி ஓடுவதுபோல் தெரியும்.

அதைவிடப் பெரிய தடை பின்னர் வந்தது. இன்றைய விளையாட்டுகள் ஒரு சட்டத்தை வரையும்போது அதற்கு முந்திய சட்டத்தில் இருந்த விபரங்களை எடுத்துப் பயன்படுத்துகின்றன. முந்திய சட்டம் மற்ற அட்டையில் அல்லவா இருக்கிறது? அது முடிந்து, இங்கே வந்து சேரும்வரை இது காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் இரண்டு இருந்து என்ன பயன்?

2015இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது, பல அட்டைகளை ஓட்டும் பொறுப்பு விளையாட்டை எழுதுகிறவரின் தலையில் விழுந்தது. ஆயிரத்தில் ஒருவரிடம் மட்டும் இரண்டு அட்டை இருக்கிறது என்றால், அவருக்காக மாதக்கணக்கில் உழைக்க எவர் முன்வருவார்? சிலர் செய்தார்கள், பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். அட்டை செய்கிற நிறுவனமும் கையை விரிக்கத் தொடங்கியது. 2020இல் 30 வரிசை வந்தபோது அதில் 3090 என்ற ஒன்றுக்கு மட்டுமே இணைப்புப் பல் இருந்தது. 2021 ஜனவரி முதலாந் திகதியோடு, பழைய அட்டைகளுக்கான புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளைச் சேர்ப்பதையும் என்விடியா நிறுத்திக்கொண்டது. 2022இல் வந்த 4090இல் அந்தப் பல்லே இல்லை. எதிர்ப்பக்கத்தில் கிராஸ்ஃபயர் என்ற பெயரும் 2017இலேயே கைவிடப்பட்டது.

ஆக, என் மருமகன் ஏற நினைத்த இரயில் நிலையத்தை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகின்றன.

“அப்பிடியெண்டாலும் மாமா, எட்டும் எட்டும் பதினாறு ஜிகாபைட் நினைவகம் வருமல்லோ?” என்று கேட்டான். வராது. இதுதான் பலர் ஏமாறுகிற இடம். விளையாட்டில் இரண்டு அட்டைகளும் ஒரே காட்சியைத்தான் வரைகின்றன. ஆகவே சுவர், மரம், மனிதன் என்று அத்தனை தரவுகளும் இரண்டிலும் தனித்தனியே இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பாடப்புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கிக் கொடுத்தால் வீட்டில் இரண்டு பாடங்கள் இருப்பதாக அர்த்தமில்லை. எட்டும் எட்டும் எட்டுத்தான்.

இன்னொன்று. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் தனி உறுப்பு 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் அட்டைகளிலிருந்துதான் இருக்கிறது. 2024 டிசெம்பரில் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ விளையாட்டும் 2025 மே மாதம் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ விளையாட்டும் அந்த உறுப்பைக் கட்டாயமாகக் கேட்கின்றன. 1080இல் அது இல்லை. ஒன்றில் இல்லாதது இரண்டாக்கினால் முளைத்துவிடுமா? போதாக்குறைக்கு, இந்தத் தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற மென்பொருள் வழங்குவதை 2025 ஒக்டோபரோடு என்விடியா முடித்துக்கொண்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சில காலம் வரும்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். இணையத்தில் அட்டைகளை ஒப்பிட்டுக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் இருக்கிறார்கள். மின்சாரம் நின்றுபோவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அறை சூடாவதை அவர்கள் குளிர்காலத்தில் வரவேற்கவும் கூடும். காங்கேசன்துறையின் பின்னறை அப்படிப்பட்டதல்ல.

ஒரு 1080 அட்டை முழு வேலையில் 180 வாட் இழுக்கும். இரண்டு 360 வாட். அவ்வளவும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். ஒரு கூரைவிசிறி சுமார் 75 வாட் என்று வைத்தால், ஏறக்குறைய ஐந்து விசிறிகள் சுழலும் மின்சாரத்தைச் செலவழித்து அறையைச் சூடாக்குகிறோம். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால், இரண்டாவது அட்டை மட்டும் மாதத்துக்கு 21 அலகுக்கு மேல் கூட்டும். நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையைக் கொண்டது. கடைசியில் சேரும் அந்த 21 அலகும் மலிவான படியில் விழாது, மேற்படியில்தான் விழும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படிப் பாய்ந்தது என்பதை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்ததையுந்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது இன்னொரு கதை.

மருமகனிடம் இருக்கும் யு.பி.எஸ். 600 வாட் தாங்கும். இரண்டு அட்டைகள், செயலி, திரை எல்லாம் சேர்ந்தால் அதன் எல்லையைத் தொட்டுவிடும். மின்சாரம் போகும் கணத்தில் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்குக்கூட அவகாசம் தராது. கடலோர உப்புக்காற்று வேறு இருக்கிறது. விசிறி கூடினால் உள்ளே இழுக்கப்படும் காற்றும் கூடும். காற்றோடு உப்பும் ஈரமும் போய்ச் செப்புத் தொடுப்புகளில் பச்சை பிடிக்கும். இரண்டு அட்டை என்றால் பழுதாகக்கூடிய இடங்களும் இரண்டு மடங்கு.

மறுபக்கத்தில் ஓர் அட்டையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வகையில் 16 ஜிகாபைட் நினைவகம் உள்ளது கிடைக்கிறது. அது இழுப்பதும் 180 வாட்தான். அதாவது பழைய அட்டை ஒன்றின் தீனியில் இரண்டுக்கு மேலான வேலை செய்கிறது. இப்போதுள்ள பலகையிலேயே பொருந்தும். இப்போதுள்ள 600 வாட் மின்வழங்கியே போதும். விலை குறைவென்று சொல்லமாட்டேன். ஆனால் இலவச அட்டைக்காகச் செலவழிக்கப் போகும் தொகையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்வது பத்திரிகைக்காரனின் கடமை. இரண்டு அட்டை வீண் என்று ஒரேயடியாகச் சொல்வது தவறு. விளையாட்டை விட்டு வேலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாணப் படம் ஒன்றை வரைந்து முடிக்கும்போது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு அட்டைகளுக்கும் கொடுக்கலாம். அங்கே ஒன்றுக்காக மற்றது காத்திருப்பதில்லை. நேரம் உண்மையாகவே மிச்சமாகும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியில் ஓட்டுகிறவர்கள், மாதிரியின் அடுக்குகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு அட்டைகளில் வைக்கிறார்கள். அங்கே பன்னிரண்டும் பன்னிரண்டும் ஏறக்குறைய இருபத்துநான்காகவே பயன்படுகிறது. விளையாட்டிலும்கூட, இடைச்சட்டங்களை உருவாக்கும் வேலையை மட்டும் இரண்டாவது அட்டைக்குக் கொடுக்கும் மென்பொருள் அண்மையில் வந்திருக்கிறது. ஆசைப்பட்டுப் பரீட்சிக்கிறவர்களுக்கு அது சரி. சங்கிலி அடகு வைக்கிறவர்களுக்கு அல்ல.

மருமகன் விளையாடத்தான் கேட்டான். அதை அவன் ஒளிக்கவில்லை. பகலில் சுன்னாகத்தில் வேலை. இரவில் இரண்டு மணி நேரம் உலகத்துப் பிள்ளைகளோடு ஒரு திரைக்குள் ஓடித் திரிகிறான். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வயதில் எங்களுக்குக் கீரிமலைக் கேணி இருந்தது. சினிமாக் கொட்டகை இருந்தது. பிள்ளையின் விளையாட்டை இகழ்கிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செலவழிக்கிற காசு அந்த விளையாட்டுக்காவது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கட்சி.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே பல வீடுகளில் கூரை ஏறியது. அதை மறக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் உங்கள் வீட்டு நிலவறையில் மிச்சமாகக் கிடப்பதை அனுப்பும்போது, அதை இங்கே இயக்குவதற்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தச் செலவு பெரும்பாலும் இங்கே இருக்கிறவர் வாய்விட்டுச் சொல்லாத செலவாக இருக்கும். அன்பாகத் தருவதை வேண்டாம் என்று சொல்லும் துணிவு நம்மவர்களுக்கு இல்லை. அதனால்தான் தமக்கை கழுத்தில் கை வைத்தாள்.

நான் புறப்படும் அன்று மருமகனிடம் என் தீர்ப்பைச் சொன்னேன்: “மோனை, ஒண்டு போதும். நல்லதா ஒண்டு. அதுக்குக் காசு சேருமட்டும் இருக்கிறதோட விளையாடு. அண்ணன் அனுப்பினாலும் அதை உதிரியா அலுமாரிக்குள்ள வை. அதுக்காக ஒரு சதமும் செலவழியாதை.”

“அண்ணா கோவிப்பாரே மாமா?”

“கோவிச்சால் நான் கதைக்கிறன்.”

கதைக்க வேண்டி வரவில்லை. அவனே துணிந்து சொல்லியிருக்கிறான். ரொறன்ரோக்காரன் முதல் நாள் மௌனமாகிவிட்டான். மனத்தாங்கலாகத்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரு வரி வந்ததாம்: “அப்ப இதை இஞ்ச வித்துப்போட்டு, மிச்சத்தையும் போட்டு அனுப்பட்டோ?”

முழுத்தொகை இன்னும் சேரவில்லை. அடுத்த தையில் சேரலாம் என்று மருமகன் சொல்கிறான். அதுவரை அந்தப் பழைய ஒற்றை அட்டையோடு அவன் இரவில் விளையாடிக்கொண்டிருக்கிறான். சென்ற ஞாயிறு தமக்கை காணொளியில் வந்தாள். சங்கிலி கழுத்தில் கிடந்தது.